முதலில் கேள், பிறகு கழற்று

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பிரேக் பேட் மாற்றுகிறவர்கள் திங்கட்கிழமை காலையில் என் பட்டறைக்கு வருவார்கள். வண்டியை நேராக உள்ளே விட மாட்டார்கள். எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்து, சுவரில் தொங்கும் காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு, "அண்ணே, பிரேக் மிதிச்சா ஒரு மாதிரி சத்தம் வருதுண்ணே" என்பார்கள். பேட் எப்போது மாற்றியது என்று கேட்டால், "போன வாரம் ஒரு கடையில..." என்று இழுப்பார்கள். நகக்கண்ணில் கறுப்பு படிந்திருக்கும். நான் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். அப்படி இருக்கப் பழக எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மலேசியாவின் போர்ட் கிள்ளானில் நான் ஸ்பேனர் பிடித்தது 1981இல். அப்போது எனக்கு 16 வயது. அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். ஊரின் பெயர் 1972இல் மாறிவிட்டது. அவரோ கடைசி வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்றுதான் சொல்வார். படிப்பு ஏறாத என்னை ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறையில் கொண்டுபோய் விட்டார். தவுக்கேக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. எங்களுக்குள் ஓடியது சந்தை மலாய்தான். அந்த மலாயில் அவர் எனக்குத் தந்த முதல் பாடம் நான்கு சொற்கள்: "டெங்கார் டுலு, பாரு புகா." முதலில் கேள், பிறகுதான் கழற்று.

அந்தச் சொல்லின் பொருள் ஒரு மோரிஸ் மைனர் வழியாகத்தான் எனக்கு விளங்கியது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி அது. பின்சக்கரங்களுக்குப் புதிய லைனிங் ஒட்டிய ஷூ போட்டேன். பிரேக் மிதித்ததும் துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரு முனகல். கழற்றினேன். லைனிங் ஒழுங்காக இருந்தது. மாட்டினேன். மறுபடியும் முனகல். மூன்றாவது முறை கழற்றப் போனபோது தவுக்கே என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொண்டார். என்னை வண்டியோடு நடக்கச் சொல்லி, தானே மெதுவாக ஓட்டினார். மிதிக்கும்போது ஒரு முனகல், காலை எடுக்கும்போது இன்னொன்று. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அந்த ஒலி மாறவில்லை. அப்படியானால் சுற்றுகிற பாகத்தில் கோளாறு இல்லை, மிதிக்கும்போது நகர்கிற பாகத்தில்தான்.

டிரம்மைக் கழற்றி, ஷூவுக்குப் பின்னால் இருக்கும் தகட்டைக் காட்டினார். ஷூவின் விளிம்பு உரசி நகர்வதற்காக அந்தத் தகட்டில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். ஆண்டுக்கணக்கில் உரசி அங்கே பள்ளம் விழுந்து, துரு ஏறி, உலர்ந்து கிடந்தது. நான் அதைத் துடைக்கவும் இல்லை, ஒரு சொட்டு கிரீஸ் வைக்கவும் இல்லை. தேய்த்துச் சுத்தம் செய்து, ஒவ்வொரு மேட்டிலும் மிளகளவு கிரீஸ் வைத்து மாட்டியதும் சத்தம் நின்றுவிட்டது.

அன்று தெரிந்துகொண்டதுதான் என் தொழிலின் அடிப்படை. பிரேக் மாற்றிய பிறகு வரும் சத்தம் பெரும்பாலும் மாற்றிய பொருளிலிருந்து வருவதில்லை. மாற்றும்போது துடைக்காமல், தடவாமல், முறுக்காமல், திருப்பிப் போடாமல் விட்ட இடத்திலிருந்துதான் வருகிறது. புதுப் பேட் மோசம் என்று இன்னொரு பேட் வாங்குகிறவர்கள் பணத்தைத்தான் வீணாக்குகிறார்கள்.

அந்த நாட்களில் நாங்கள் தெரியாமல் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயைப் பிடித்து உள்ளே இருக்கும் தூசியை அடிப்போம். துறைமுகத்துக்கு ஓடும் லோரிகளின் டிரம் ஒவ்வொன்றும் அண்டாவளவு இருக்கும். அவற்றிலிருந்து கிளம்பும் சாம்பல் நிறப் புகை பட்டறை முழுவதும் பரவும். அந்த லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருந்தது. நெஞ்சுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வெளிப்படக்கூடிய நார் அது.

அது பிரேக்குக்குள் வந்த கதையே சத்தத்தில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். டிஸ்கைப் பிடிக்க அவர் வைத்தது செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசி எழுந்த கிறீச்சொலியைத் தாங்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு ஹெர்பர்ட் புரூட் என்பவர் அஸ்பெஸ்டாஸ் கலந்த பட்டையைக் கொடுத்து அதை அடக்கினார். சத்தத்தை அடக்க வந்த பொருள் தொழிலாளியின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. இன்று வரும் பேட்களில் பெரும்பாலானவை அஸ்பெஸ்டாஸ் இல்லாதவை என்றாலும், எந்தப் பிரேக் தூசியையும் வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்காதீர்கள். பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். என் பட்டறையில் இது சட்டம்.

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா கார் வந்தது. அதற்கு முன்பும் டிஸ்க் பிரேக் வண்டிகள் இருந்தன. ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு டிஸ்க் வந்தது சாகாவோடுதான். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பட்டறையின் ஒலியே மாறிப்போனது. அதுவரை முனகலும் உறுமலும் கேட்ட காதுக்குக் கீச்சொலி பழகியது. 1994இல் கன்சில், 2005இல் மைவி என்று சிறிய வண்டிகள் வரவர, தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களும் கார் வாங்கின. பேட் மாற்றுவது டிரம் பிரிப்பதைவிட எளிது. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் கேலிப்பர் கையோடு வந்துவிடும். அந்த எளிமைதான் ஆட்களை வீட்டு வாசலில் உட்காரத் தூண்டியது. அதில் தப்பில்லை. தன் வண்டியின் பிரேக்கைத் தானே தொட்டுப் பார்த்தவன் அதை மதித்து ஓட்டுவான்.

கீச்சொலி எப்படி வருகிறது என்று பையன்களுக்குச் சொல்ல நான் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்திருக்கிறேன். விளிம்பைச் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். ஒரு விரலை அதன்மேல் வைத்ததும் அடங்கிவிடும். டிஸ்க்தான் அந்தத் தட்டு. பேட் அதைப் பிடித்து வழுக்கி, பிடித்து வழுக்கி, ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை அதிர வைக்கிறது. பேட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஷிம் தகடும், அங்கே தடவும் பிரேக் கிரீஸும் தட்டின்மேல் வைத்த விரலைப் போன்றவை. புதுப் பேட் போடுகிறவர்கள் பழைய பேட்டோடு அந்த ஷிம்மையும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். மறுநாள் தெருவே திரும்பிப் பார்க்கும்படி வண்டி கத்துகிறது.

கிரீஸிலும் ஒரு கவனம் வேண்டும். பேட்டின் முதுகுக்கு வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ். கேலிப்பர் நகரும் பின்களுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிகோன் கிரீஸ். கையில் கிடைத்த சாதாரண கிரீஸைப் பின்னில் தடவினால் ரப்பர் உப்பி, பின் இறுகி, ஒரு பக்கப் பேட் மட்டும் எப்போதும் டிஸ்கில் ஒட்டியே ஓடும். பேட்டின் முகத்தில் கிரீஸ் பட்டுவிட்டால் அதைக் கழுவிப் போட நினைக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு சத்தம் உண்டு. பூலாவ் கெத்தாம் தீவுக்குப் போகிறவர்கள் படகுத்துறைப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வருவார்கள். கடற்காற்றும் மழையும் சேர்ந்து டிஸ்க் செம்மண் பூசியதுபோல ஆகியிருக்கும். புதுப் பேட் போட்ட வண்டியாக இருந்தால் முதல் மிதியில் கேட்கும் சரசரப்பில் பயந்துபோய் நேராக என்னிடம் வந்துவிடுவார்கள். "எத்தனை தடவை மிதிச்சீங்க?" என்று கேட்பேன். வரும் வழியிலேயே சத்தம் குறைந்துவிட்டது என்றால் அனுப்பிவிடுவேன். அது மேல்துரு. நாலைந்து மிதியில் பேட்டே வழித்துவிடும். காசு வாங்கும் வேலை அதில் இல்லை.

மறைவில் இருக்கும் துருதான் ஆபத்து. பேட் உட்காரும் இடத்தில் எவர்சில்வர் கிளிப்புகள் இருக்கும். அவற்றுக்கு அடியில் துரு வளர்ந்தால் கிளிப் மேலெழும்பிப் பேட்டை நெருக்கும். பேட் திரும்பி வராது. ஓட ஓடச் சக்கரம் சூடாகும், கருகல் வாடை வரும், மெல்லிய சீழ்க்கையொலி நிற்காமல் கேட்கும். டிஸ்கையும் மாற்றுகிறவர்கள் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் துருப் பொருக்கு ஒன்று போதும், புது டிஸ்க் கோணலாக உட்கார்ந்துவிடும். பல வண்டிகளில் டிஸ்கின் ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். தலைமுடியைவிட மெல்லிய அளவு அது. போட்ட அன்று ஒன்றும் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு கூட்டரசு நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைக்கும்போது ஸ்டியரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். வளைந்தது டிஸ்க் இல்லை. அன்று தேய்க்காமல் விட்ட துருதான் இன்று உதறுகிறது.

1996இல் பண்டமாரானுக்குப் போகும் வழியில் சொந்தப் பட்டறை வைத்தேன். பெயர்ப் பலகை மாட்டும் முன்பே ஒரு கேள்விப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மிதித்தால் வருகிறதா, மிதிக்காதபோதா? வேகத்தோடு ஏறுகிறதா? முதல் மிதியில் மட்டுமா, ஒவ்வொரு மிதியிலுமா? முன்னால் போகும்போதா, பின்னால் எடுக்கும்போதா? திருப்பத்தில் மாறுகிறதா? காலையிலா, ஓடிச் சூடான பிறகா? இந்த ஆறுக்கும் பதில் வாங்கிவிட்டால் சக்கரத்தைக் கழற்றும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

காப்பாரிலிருந்து ஒருவர் புரோட்டோன் வீராவில் வந்தார். ரிவர்ஸ் எடுத்து மிதித்தால் ஒரு 'டக்'. முன்னால் போய் முதல் தடவை மிதித்தால் இன்னொரு 'டக்'. அப்புறம் சத்தமில்லை. பேட் தன் இடத்தில் முன்னும் பின்னும் தாவுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. கழற்றினால், கிளிப்புகளே இல்லை. புதுப் பேட் பெட்டியில் கிளிப் வரவில்லை, பழையதை அவர் எறிந்துவிட்டார். சில வெள்ளிதான் விலை. ஆனால் அவர் இரண்டு வாரம் உறக்கமில்லாமல் இருந்திருக்கிறார்.

பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு நேர்மாறான சத்தம். மிதிக்காதபோது 'சர்ர்' என்று உரசும், வேகம் கூடினால் கூடும், மிதித்தாலும் மாறாது. பழைய டிஸ்க் துருவில் ஒட்டிக்கொண்டு வராததால் சுத்தியலால் தட்டியிருக்கிறார். டிஸ்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தூசித் தகடு வளைந்து டிஸ்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் இழுத்துவிட்டேன், முடிந்தது. அதே இடத்தில் சிறு கல் ஒன்று மாட்டிக்கொண்டாலும் இரும்பை அரைப்பதுபோல் கத்தும்.

பேட்டில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். பேட் 2, 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் டிஸ்கில் உரசிக் கத்தி எச்சரிக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். உள்பக்கப் பேட்டை வெளிப்பக்கமோ, இடப்பக்கப் பேட்டை வலப்பக்கமோ மாற்றிப் போட்டால் சில வண்டிகளில் புதுப் பேட்டிலேயே அந்த நாக்கு உரசத் தொடங்கும். பேட்டைத் திருப்பி, இரும்பு முதுகை டிஸ்க் பக்கம் வைத்துப் போட்டுவந்த வண்டியையும் கண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். ஐயம் வந்தால் பிரிக்காத பக்கத்தைப் போய்ப் பார்க்கலாம்.

இப்போது அந்த நகக்கண் விஷயத்துக்கு வருகிறேன்.

2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு நாள். துறைமுகத்தில் கண்டெய்னர் கணக்கு எழுதும் இளைஞன் ஒருவன் வந்தான். தானே பேட் மாற்றியதாக ஒளிக்காமல் சொன்னான். பார்த்தேன். ஒரு கிளிப் தலைகீழ், பின்னில் கிரீஸ் இல்லை. அன்று பட்டறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, "பிரேக்குல விளையாடுறியா தம்பி? உயிர் போனா யாரு பொறுப்பு? தெரியாத வேலையில ஏன் கை வைக்கிற?" என்று சத்தம் போட்டேன். நல்லதுக்குச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு காசைக் கொடுத்துவிட்டுப் போனான்.

சில மாதம் கழித்து அவன் வண்டியை இழுவை லோரி கொண்டுவந்து இறக்கியது. நோர்த்போர்ட் பக்கம் போகும் சாலையில், முன்னும் பின்னும் டிரெய்லர்கள் ஓடும் இடத்தில், கேலிப்பரின் கீழ்ப் போல்ட் கழன்று விழுந்திருக்கிறது. கேலிப்பர் சுழன்று ரிம்மின் உள்பக்கம் மோதிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த டிரெய்லர் ஓட்டுநர் ஒதுக்கியதால் உயிர் தப்பியது. அந்தப் போல்ட்டை முறுக்காமல் விட்டது அவன்தான். மறுபடியும் வீட்டில் கழற்றி மாட்டியிருக்கிறான். ஆனால் அவன் சொன்ன ஒரு வாக்கியம் என்னைக் குற்றவாளியாக நிறுத்தியது: "ரெண்டு வாரமா மேட்டுல ஏறுறப்ப எல்லாம் சத்தம் வந்துச்சுண்ணே. திரும்ப வந்தா திட்டுவீங்கன்னு வரல."

இரண்டு வாரம் அந்தப் போல்ட் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் காதில் விழுந்தும் இருக்கிறது. வாசல் வரை வர விடாமல் தடுத்தது என் வாய். அன்றிலிருந்து பிரேக்கைத் தொட்டுவிட்டு வந்த எவரையும் நான் ஏசியதில்லை. பொய் சொன்னாலும் மடக்குவதில்லை. "நல்லவேளை, சத்தத்தைக் கேட்டுட்டு வந்தீங்க" என்பதுதான் என் முதல் பேச்சு.

அவன் கேட்டதுபோன்ற சத்தத்தைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. வேகத்தடையில் மெதுவாக ஏறுங்கள். 'கடக்' என்று கேட்டால், அடுத்த தடவை பிரேக்கை இலேசாக மிதித்தபடி ஏறுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு பெரும்பாலும் பேட்டிலோ கேலிப்பரிலோதான். நிற்காவிட்டால் சஸ்பென்ஷனைப் பார்க்க வேண்டும். எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். சிறிய கேலிப்பர் போல்ட்டுக்குத் தேவையான இறுக்கம் வேறு, சக்கர நட்டுக்குத் தேவையானது வேறு. இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் பேட் மாற்றிய கையோடு பட்டறைக்கு வாருங்கள். முறுக்கிப் பார்த்துக் கொடுக்க நான் காசு வாங்குவதில்லை.

கிள்ளான் சமதளம். இங்கே பிரேக்குக்கு உண்மையான வேலை கிடைப்பதில்லை. சனிக்கிழமை பேட் மாற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கெந்திங் மலைக்குப் போன ஒருவர் திங்களன்று வந்தார். இறங்கும்போது கருகல் வாடை, மிதிக்க மிதிக்கப் பிடிப்புக் குறைவு, கீழே வந்த பிறகு ஓயாத கீச்சொலி. பேட்டின் முகம் கண்ணாடிபோலப் பளபளத்தது. டிஸ்கில் நீலத் திட்டுகள். கடல்மட்டத்தில் வாழ்கிற நாம் 1,700 மீட்டருக்கும் மேலே ஏறி, புதுப் பேட்டோடு காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் அப்படித்தான் ஆகும்.

புதுப் பேட்டை டிஸ்கோடு பழக்க வேண்டும். ஆளில்லாத நேர்ச்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை சீராகக் குறையுங்கள். முழுதாக நிற்க வேண்டாம். ஒரு பத்துத் தடவை அப்படிச் செய்துவிட்டு, கொஞ்ச நேரம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். மலைக்கு அதன் பிறகு போகலாம். இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்குங்கள். பிரேக் எண்ணெயையும் பாருங்கள். டோட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அது காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 ஆகிவிடும். எண்ணெய் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். அப்போது எந்தச் சத்தமும் வராது. அதனால்தான் அது எல்லாச் சத்தத்தையும்விடக் கொடியது.

2020 மார்ச் 18இல் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கடை மூடிக் கிடந்தது, கைப்பேசி ஓயவில்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் கார் நிறுத்தத்திலிருந்து ஒருவர் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புவார். தெலுக் கோங்கிலிருந்து இன்னொருவர். வாரக்கணக்கில் ஓடாத வண்டிகள், இணையத்தில் வாங்கிய பேட்கள், காணொளி பார்த்துக் கற்ற கைகள். சிலருக்கு வந்து சேர்ந்த பேட்டில் தயாரித்தவர் பெயரே சரியாக இல்லை. ஒன்றில் உராயும் பகுதி இரும்புத் தகட்டிலிருந்து பெயர்ந்தே வந்துவிட்டது. மலிவு தேடுங்கள், ஆனால் பிரேக்கில் தேடாதீர்கள் என்று அப்போது எத்தனையோ பேரிடம் சொன்னேன்.

அந்த நாட்களில் எந்த அழைப்பை எடுத்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: "வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு, கெட்டியாகுதான்னு பாருங்க." பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம். முதல் மிதியில் பெடல் தரை வரை போய்விடும், வண்டி நிற்காது. ஒருவர் ரிவர்ஸ் எடுத்துத் தன் வீட்டு இரும்புக் கதவையே இடித்தார். கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் விளையாடவில்லை என்பது கடவுள் செயல். இன்னொன்றும் சொல்வேன்: ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையையோ காலையோ கொடுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 18இல் மழை கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வண்டிகள் கூரை வரை மூழ்கின. எங்கள் பக்கமும் நிறைய வீடுகளில் தண்ணீர். அதற்குப் பிறகு பல வாரம் வந்த சத்தங்களில் பெரும்பாலானவை ஒரே கதைதான். இன்சூரன்ஸ் பணம் வராத ஏழைகள் தாங்களே கழுவி, பேட் மட்டும் மாற்றி ஓட்டினார்கள். பின்பக்க டிரம்முக்குள் சேறு காய்ந்து மணல் காகிதமாகியிருந்தது. மாற்றியது முன்னால், கத்தியது பின்னால். கண் முன்சக்கரத்திலேயே இருந்தால் காதும் அங்கேயே போய் நின்றுவிடும். ஒருவர் வண்டியை ஓட்ட, இன்னொருவர் சன்னலைத் திறந்துகொண்டு பின்னிருக்கையில் உட்கார்ந்து கேட்டால் இந்தக் குழப்பம் வராது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன ஆண்டு நடந்த ஒன்று. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி அம்மாவின் மைவியைக் கொண்டுவந்தாள். கண்ணை நேராகப் பார்த்து, "நான்தான் பேட் மாத்தினேன் அங்கிள். கத்துது" என்றாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினேன். மிதித்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் மிதித்தேன்.

"இப்ப வருதா மா?"

"உங்களுக்குக் கேட்கலையா அங்கிள்? காதைத் துளைக்குதே."

நாற்பது ஆண்டுக்கு மேல் காற்றுத் துப்பாக்கிகளுக்கும் லோரி எஞ்சின்களுக்கும் பக்கத்தில் நின்ற காது. மருத்துவமனையில் சோதித்தபோது, உயர்ந்த ஒலிகள் எனக்குப் போய்விட்டன என்று சொன்னார்கள். உறுமலும் தட்டலும் இன்னும் கேட்கும். டிஸ்கின் கீச்சொலி எனக்கு இனி இல்லை. கம்பரெஸர் அருகில் நிற்கும் பையன்களுக்கு அன்றே காதடைப்பான் வாங்கிப் போட்டேன். என் காலத்தில் யாரும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை.

வண்டியை ஓரமாக நிறுத்தி, சுவரில் இருக்கும் ஆறு கேள்விகளையும் அவளிடம் கேட்டேன். அவள் அவசரப்படவில்லை. நான் ஓட்ட, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பதில் சொன்னாள். மிதித்தால் மட்டும். மெதுவாகப் போகும்போது, நிற்கும் தறுவாயில். சூடான பிறகு அதிகம். இடப்பக்கம். ரிவர்ஸில் வேறு சுருதி. இந்தப் பதில்களை அடுக்கினால் ஷிம் என்றுதான் தோன்றியது. "பழைய பேட்டோட முதுகுல மெல்லிசா ஒரு தகடு இருந்துச்சே, அதை என்ன பண்ணினே?" என்றேன். வலப்பக்கத்தில் அந்தத் தகட்டைப் புதுப் பேட்டுக்கு மாற்றிப் போட்டிருக்கிறாள். இடப்பக்கத் தகடு பழைய பேட்டோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விட்டது.

புதுத் தகட்டை அவள் கையில் கொடுத்தேன். என் பட்டறையில், என் ஸ்டாண்டில் வண்டியைத் தூக்கி வைத்து, அவளே கழற்றினாள். கிளிப் அடியில் துருவைச் சுரண்டினாள், முதுகில் கிரீஸை மெல்லிசாகத் தடவினாள், மாட்டினாள். டார்க் ஸ்பேனரை நான் பிடித்தேன், அது 'கிளிக்' என்று சொல்வதை அவள் கையையும் வைத்து உணர வைத்தேன். பெடலை மிதித்துக் கெட்டியாக்கினாள். இருவரும் துறைமுகச் சாலை வரை போய்வந்தோம். வந்ததும் நான்கு ரிம்முக்கும் அருகில் கையை வைத்துச் சூட்டைப் பார்த்தேன். இடமும் வலமும் ஒன்றுபோல் இருந்தன.

"போயிடுச்சு அங்கிள்" என்றாள்.

எனக்கு முன்பும் கேட்கவில்லை, பின்பும் கேட்கவில்லை. "நல்லா கேட்டியா மா?" என்றேன். அவள் மறுபடியும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து தலையசைத்தாள். சாவியைக் கொடுத்தேன்.